போலந்தில் வேலை, ஜெர்மனியில் சைட்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லை தாண்டிச் சேவை வழங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை பெல் ஆலையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கை பழகிய வெல்டர்களும் ஃபிட்டர்களும், வேலூரில் படித்து முடித்த செவிலியர்களும் பொறியாளர்களும் ஐரோப்பாவுக்கு வேலைக்குப் புறப்படும்போது கையில் ஓர் ஒப்பந்தத் தாளுடன் வந்து விளக்கம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் பொது விதிகளைச் சொல்பவை. தனிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தத் தாளையே ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

போலந்து விசா கெடைச்சா ஐரோப்பா பூரா வேலை செய்யலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. நிஜமா சார்?

இல்லை. போலந்து அளித்த நீண்டகால விசாவோ வசிப்பு அட்டையோ இருந்தால், தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் பகுதியின் மற்ற நாடுகளுக்குள் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை போய் வரலாம். அது பயணத்துக்கான அனுமதி மட்டுமே. வேலை செய்வதற்கான அனுமதி அதை வழங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. பல நேரங்களில் அதில் பெயர் எழுதப்பட்டுள்ள முதலாளியோடும் நின்றுவிடுகிறது.

ஏஜென்ட் சொல்வதில் ஓர் இழை உண்மை இருக்கிறது. போலந்து நிறுவனம் தன் ஊழியரை வேறொரு உறுப்பு நாட்டுக்குப் பணிக்கு அனுப்ப முடியும். ஆனால் அது உங்கள் உரிமை அன்று, நிறுவனத்தின் உரிமை. கீழே வரும் பதில்களில் பாதி இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் அமைந்துள்ளன.

சேவை வழங்கும் சுதந்திரம்னு ஒண்ணு இருக்காமே, அது யாருக்கு?

1957இன் ரோம் ஒப்பந்தத்திலேயே இது இருந்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 56ஆம் பிரிவாக இருக்கிறது. ஓர் உறுப்பு நாட்டில் நிலைகொண்டவர் வேறோர் உறுப்பு நாட்டிலுள்ள வாடிக்கையாளருக்குச் சேவை வழங்குவதைத் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். 1974இல் வான் பின்ஸ்பெர்கன் வழக்கில் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இந்தப் பிரிவை ஒரு தனி மனிதரே உள்நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாகக் காட்டி வாதிடலாம் என்று தீர்ப்பளித்தது. இன்று 27 உறுப்பு நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன.

இந்த உரிமைக்கு உரியவர்கள் இரண்டு வகையினர்: உறுப்பு நாட்டுக் குடிமக்கள், உறுப்பு நாட்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட நிறுவனங்கள். பிற நாட்டுக் குடிமக்களுக்கும் இதை நீட்டிக்க 56ஆம் பிரிவே இடம் தருகிறது. ஆனால் அதற்கான சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் பெயரில் இதைக் கோர முடியாது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவருக்குத் தரும் அட்டெண்டர் பாஸைப் போன்றதுதான் அவருடைய நிலை. நோயாளி வார்டில் இருக்கும்வரை காவலாளி உள்ளே விடுவார். நோயாளி டிஸ்சார்ஜ் ஆன பிறகு அதே பாஸைக் காட்டினால் விடமாட்டார்.

நம்ம ஆளு கிறிஸ்டியான்பேட்டை தாண்டி சித்தூர்ல போய் ஏசி மாட்டிட்டு வராரு, யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. அங்க மட்டும் ஏன் இத்தனை பேப்பர்?

தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் குடியுரிமை ஒன்று, கடவுச்சீட்டு ஒன்று. எத்தொழிலையும் செய்யும் உரிமை அரசமைப்பின் 19ஆம் பிரிவிலும், நாட்டுக்குள் தடையற்ற வணிகம் 301ஆம் பிரிவிலும் உள்ளன. ஐரோப்பாவில் சந்தை ஒன்றுதான். ஆனால் ஊதியம், வரி, தொழிலாளர் சட்டம், ஓய்வூதியம் ஆகியவை நாட்டுக்கு நாடு வேறு. குறைந்த கூலி நாட்டின் நிறுவனம் தன் நாட்டுக் கூலியிலேயே அயல்நாட்டில் வேலை முடித்துவிட்டுப் போனால் அங்குள்ள தொழிலாளிக்கு வேலை போய்விடும் என்ற அச்சம் அங்கே எப்போதும் உண்டு. இந்தத் தாள்களில் பெரும்பாலானவை அந்த அச்சத்தின் விளைவுகள்.

2004இல் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த சேவை நெறிமுறை (டைரக்டிவ், உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஒன்றியச் சட்டம்) வரைவில், சேவையாளர் தன் சொந்த நாட்டுச் சட்டத்துக்கு மட்டும் கட்டுப்பட்டால் போதும் என்ற கொள்கை இருந்தது. அப்போதைய ஆணையர் போல்கஸ்டைன் பெயரால் அறியப்பட்ட அந்த வரைவு பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 2005 மே மாதம் ஐரோப்பிய அரசமைப்பு பற்றி பிரான்ஸில் நடந்த பொது வாக்கெடுப்பில் 'போலந்து பிளம்பர்' ஒரு பிரச்சாரப் பொருளாகவே ஆனார். இறுதியில் 2006 டிசம்பரில் நிறைவேறிய நெறிமுறையில் அந்தக் கொள்கை நீக்கப்பட்டிருந்தது. தற்காலிகமாக வரும் சேவையாளர் மீது ஒரு நாடு நிபந்தனை விதிக்க வேண்டுமானால் பொது ஒழுங்கு, பொதுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல் ஆகிய நான்கில் ஒரு காரணத்தைக் காட்ட வேண்டும் என்பது அதன் 16ஆம் பிரிவு. மருத்துவச் சேவை, போக்குவரத்து, நிதிச் சேவை, மேன்பவர் ஏஜென்சி, தனியார் காவல் முதலியவை இந்த நெறிமுறைக்கு வெளியே நிற்கின்றன. தொழிலாளர் சட்டத்தையும் இது தொடவில்லை.

எது சேவை, எது கடை வெக்கிறது?

தற்காலிகமாகப் போய்ச் செய்து திரும்புவது சேவை. அங்கேயே நிலைகொண்டு தொழில் நடத்துவது நிறுவல், அது 49ஆம் பிரிவின்கீழ் வரும். இத்தனை மாதம் என்று கோடு கிழிக்கப்படவில்லை. 1995இல் கெப்ஹார்ட் என்ற வழக்கறிஞரின் வழக்கில், காலம் மட்டுமன்றி எவ்வளவு அடிக்கடி, எந்த ஒழுங்கில், எவ்வளவு தொடர்ச்சியாக அந்தப் பணி நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. வேலைக்குத் தேவையான ஓர் அலுவலறை எடுத்திருப்பதாலேயே ஒருவர் நிலைகொண்டுவிட்டார் என்று ஆகிவிடாது.

நான் ரெண்டு வருஷமா போலந்து கம்பெனியோட ஆளு. கம்பெனியே ஜெர்மனி சைட்டுக்கு அனுப்புது. அங்க தனியா ஒர்க் பர்மிட் வேணுமா?

வேண்டியதில்லை. இதற்கு அடிப்படை 1994இன் வாண்டர் எல்ஸ்ட் தீர்ப்பு. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு கட்டட இடிப்பு நிறுவனம், தன்னிடம் சட்டப்படி வேலை செய்துவந்த மொராக்கோ நாட்டவரை பிரான்ஸின் ரேம்ஸ் நகரில் ஒரு பணிக்கு அழைத்துச் சென்றது. பிரான்ஸ் அவர்களுக்குத் தன் வேலை அனுமதி இல்லையென்று அபராதம் விதித்தது. முதல் நாட்டில் முறையாகவும் வழக்கமாகவும் வேலை செய்பவருக்கு இரண்டாவது நாடு மீண்டும் வேலை அனுமதி கேட்பது நிறுவனத்தின் சேவை உரிமையைத் தடுப்பதாகும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அனுப்புவதற்கு முன் ஓராண்டாவது அந்த நிறுவனத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்று ஜெர்மனி வைத்திருந்த நிபந்தனையும் 2006இல் செல்லாததாகிவிட்டது.

ஆனால் வேலை அனுமதி வேறு, வசிப்பு அனுமதி வேறு. ஜெர்மனி 'வாண்டர் எல்ஸ்ட் விசா' என்ற பெயரிலேயே ஒரு விசா வைத்திருக்கிறது. அதை நீங்கள் வேலை செய்யும் நாட்டிலுள்ள ஜெர்மன் தூதரகத்தில், புறப்படும் முன்பே பெற வேண்டும். 2024 ஜூனில் வந்த ஒரு தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்கியது. ஒரு ஸ்லோவாக்கிய நிறுவனம் தன் உக்ரைனிய ஊழியர்களை ராட்டர்டாம் துறைமுகப் பணிக்கு அனுப்பியிருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவரிடம் நெதர்லாந்து தன் வசிப்பு அனுமதியைப் பெறச் சொல்லலாம், நிறுவனத்தின் சேவை உரிமையிலிருந்து ஊழியருக்குத் தானாக ஒரு வசிப்புரிமை பிறந்துவிடாது என்று நீதிமன்றம் கூறியது.

வார்சாவில எறங்கின மறுநாளே ராட்டர்டாம் பஸ்ல ஏத்திட்டாங்க. இதுவும் டெபுடேஷன்தானே?

பெரும்பாலும் அன்று. நம் வட்டார வெல்டர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். மேலே சொன்ன வாண்டர் எல்ஸ்ட் தீர்ப்பின் உயிர் 'முறையாகவும் வழக்கமாகவும்' என்ற சொற்களில் இருக்கிறது. போலந்தில் ஒரு நாள்கூட வேலை செய்யாதவரை அங்கே வழக்கமாக வேலை செய்பவர் என்று எப்படிச் சொல்வது? சமூகப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆளை எடுத்த உடனே வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றாலும், அனுப்பும் முன் அவர் அந்த நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இருந்திருக்க வேண்டும். இந்த விதிகளை விளக்கும் 2009இன் ஏ2 என்ற நிர்வாக முடிவு அதற்கு ஒரு மாத காலத்தை அளவுகோலாகக் குறிப்பிடுகிறது.

ஆளைப் பார்ப்பதைப் போலவே நிறுவனத்தையும் பார்ப்பார்கள். அது போலந்தில் உண்மையாகத் தொழில் நடத்துகிறதா, அல்லது ஒரு முகவரியும் பெயர்ப் பலகையும் மட்டும்தானா? அதன் வருவாயில் கால் பங்காவது சொந்த நாட்டில் ஈட்டப்படுவது ஒரு நல்ல அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. 2014இன் அமலாக்க நெறிமுறை, அலுவலகம் எங்கே, வரி எங்கே, ஆள் எடுப்பது எங்கே, ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எங்கே நிறைவேறுகின்றன என்று அதிகாரிகள் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகவே சொல்லியிருக்கிறது. மேன்பவர் நிறுவனங்களுக்கு 2021இல் இன்னும் இறுக்கமான தீர்ப்பு வந்தது. ஒரு பல்கேரிய ஏஜென்சி தன் ஆளை ஜெர்மனிக்கு அனுப்பிய அவ்வழக்கில், பல்கேரியாவில் ஆள் எடுத்தால் மட்டும் போதாது, பல்கேரியாவிலுள்ள நிறுவனங்களுக்கும் கணிசமான அளவில் ஆள் அனுப்பியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

எனவே ஒப்பந்தத் தாளில் போலந்து முகவரி இருந்தும், 'பணியிடம்' என்ற வரியில் முதல் நாளிலிருந்தே நெதர்லாந்து அல்லது ஜெர்மனியின் ஊர்ப்பெயர் இருந்தால், அல்லது அந்த வரியே காலியாக விடப்பட்டிருந்தால், கையெழுத்துப் போடும் முன் நிறுத்துங்கள். குழாய் வெல்டிங்குக்கான 6ஜி டெஸ்ட் பாஸ் செய்தவருக்கு நேரடியாகவே வேலை தேடிக்கொள்ளும் திறமை இருக்கிறது. இப்படி ஒரு பஸ்ஸில் ஏற வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து.

ஏ1னு ஒரு பேப்பர் சொல்றாங்களே, அது என்ன? என் கையில இருக்கணுமா?

ஒரு நேரத்தில் ஒரு நாட்டுக்கு மட்டுமே சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டும் என்பது 883/2004 ஒழுங்குவிதியின் அடிப்படை. பணிக்கு அனுப்பப்பட்டவர் 24 மாதம் வரை சொந்த நாட்டு அமைப்பிலேயே தொடரலாம். அதற்கான சான்றுதான் ஏ1. இந்தியர் போன்ற பிற நாட்டவருக்கும் 2011 முதல் இந்த ஏற்பாடு பொருந்துகிறது. டென்மார்க் மட்டும் இதில் விலக்கு. போலந்தில் இதை வழங்குவது ஸூஸ் என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம்.

கட்டாயம் ஒரு படி கையில் வைத்திருங்கள். மொழி தெரியாவிட்டாலும் மூன்று இடங்களைப் பார்க்கலாம். இரண்டாம் பகுதியில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதும், தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும். நீங்கள் சைட்டில் நிற்கும் நாள் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். மூன்றாம் பகுதியில் 'பணிக்கு அனுப்பப்பட்ட ஊழியர்' என்ற கட்டத்தில் குறி இருக்க வேண்டும். சுயதொழில் செய்பவர் என்ற கட்டத்தில் குறி இருந்தால் உங்களை யாரோ காண்டிராக்டராக மாற்றிவிட்டார்கள் என்று பொருள். ஐந்தாம் பகுதியில் பணியிடத்தின் பெயர் இருக்கும். முறையாக வழங்கப்பட்ட ஏ1ஐ அடுத்த நாடு மதித்தே ஆக வேண்டும். ஆனால் மோசடியாகப் பெற்றது என்று தெரிந்து, வழங்கிய நாடும் உரிய காலத்தில் மறுபரிசீலனை செய்யாவிட்டால், அதை ஒதுக்கிவைக்கலாம் என்று 2018இன் அல்துன் தீர்ப்பு சொல்கிறது. ஏ1 இருப்பதாலேயே வேலைக்கான அனுமதியும் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

சம்பளம் எந்த ஊர் ரேட்டு? போலந்து ரேட்டா, ஜெர்மனி ரேட்டா?

வேலை நடக்கும் நாட்டின் விதிப்படிதான், உங்கள் ஒப்பந்தத்திலுள்ள ஊதியம் அதைவிடக் கூடுதலாக இருந்தாலொழிய. பணிக்கு அனுப்பப்படும் ஊழியர் பற்றிய 1996இன் நெறிமுறை குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், விடுப்பு, பாதுகாப்பு ஆகியவற்றில் பணியிட நாட்டின் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஸ்வீடனின் வாக்ஸ்ஹோமில் பள்ளிக் கட்டட வேலை எடுத்த லாவால் என்ற லாட்விய நிறுவனத்தின் வழக்கில் 2007இல் வந்த தீர்ப்பு, தொழிற்சங்கங்கள் அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேல் கேட்டு நெருக்கடி தர முடியாது என்றது. அந்தத் தீர்ப்பின் கசப்பு நெடுங்காலம் இருந்தது. 2018இல் நெறிமுறை திருத்தப்பட்டு, 2020 ஜூலை 30 முதல் குறைந்தபட்சம் மட்டுமன்றி, சட்டத்தாலோ பொதுவாகக் கட்டாயமாக்கப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தாலோ வரும் ஊதியக் கூறுகள் அனைத்தும் தரப்பட வேண்டும் என்றானது.

வேறுபாடு சிறியதன்று. 2025இல் ஜெர்மனியின் சட்டபூர்வக் குறைந்தபட்சம் மணிக்கு 12.82 யூரோ, போலந்தில் 30.50 ஸ்வாட்டி, அதாவது ஏறத்தாழ 7 யூரோ. சம்பளச் சீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். பயணம், தங்குமிடம், சாப்பாடு ஆகிய செலவுகளுக்காகத் தரப்படும் தொகையைச் சம்பளத்தின் பகுதியாகக் கணக்குக் காட்டக் கூடாது. அடிப்படையில் 7 யூரோவும் 'தங்கும் படி' என்று 6 யூரோவும் போட்டுக் கூட்டிக் காட்டுவது பழைய தந்திரம்.

ஒரு வருஷம் தாண்டினா என்ன ஆகும்?

12 மாதம் முடிந்தால், நிறுவனம் காரணம் காட்டி 18 மாதம் வரை நீட்டிக்கலாம். அதன் பிறகு வேலையில் சேர்ப்பது, நீக்குவது போன்ற சிலவற்றைத் தவிரப் பணியிட நாட்டின் தொழிலாளர் சட்டம் ஏறக்குறைய முழுவதும் உங்களுக்குப் பொருந்தும். ஏ1க்கான 24 மாதக் கணக்கு இதனின்று வேறானது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு அதே இடத்துக்கு இன்னொருவரைக் கொண்டுவந்து கணக்கைப் புதிதாகத் தொடங்குவதும் செல்லாது. ஏ1 கணக்கில், வேறு முதலாளி அனுப்பினாலும் அப்படித்தான் என்று ஆஸ்திரிய இறைச்சிக்கூடம் ஒன்றில் வேலை செய்த ஹங்கேரியத் தொழிலாளர்களின் வழக்கில் 2018இல் தீர்ப்பானது.

நான் சென்னை ஐடி கம்பெனி. ஜெர்மனி பிராஞ்சுக்கு அனுப்பறாங்க. அங்கிருந்து நெதர்லாந்து கிளையன்ட் கிட்ட போகலாமா?

உங்கள் முதலாளி இந்திய நிறுவனம் என்பதால் வாண்டர் எல்ஸ்ட் வழி உங்களுக்கு இல்லை. ஒரே குழுமத்துக்குள் மாற்றப்படும் மேலாளர், வல்லுநர், பயிற்சி பெறும் ஊழியர் ஆகியோருக்கு 2014இன் தனி நெறிமுறை இருக்கிறது. அந்த அனுமதியோடு, வேறோர் உறுப்பு நாட்டிலுள்ள அதே குழுமத்தின் கிளையில் 180 நாளுக்கு 90 நாள் வரை வேலை செய்யலாம். அந்த நாட்டுக்கு முன்னறிவிப்புத் தர வேண்டியிருக்கலாம். மொத்தக் காலம் மேலாளருக்கும் வல்லுநருக்கும் மூன்று ஆண்டு, பயிற்சி பெறுபவருக்கு ஓராண்டு. அயர்லாந்தும் டென்மார்க்கும் இதில் சேரவில்லை. சமூகப் பாதுகாப்புக்கு ஏ1 கிடைக்காது. ஜெர்மனி, நெதர்லாந்து போன்று இந்தியா உடன்படிக்கை செய்துள்ள நாடுகளுக்கு வருங்கால வைப்பு நிதி நிறுவனம் தரும் காப்புச் சான்று பயன்படும், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக.

நான் ஜெர்மனியில ரெஜிஸ்டர் ஆன நர்ஸ். லீவுல ஆஸ்திரியா ஆஸ்பத்திரியில தற்காலிகமா வேலை பார்க்கலாமா?

ஜெர்மன் குடிமகளாக இருந்தால் ஒரு முன்னறிவிப்புடன் முடியும். 2005இன் தொழில்தகுதி நெறிமுறை அதற்கு வழி செய்கிறது. இந்தியக் குடிமகளாகவே இருந்தால் அந்த நெறிமுறை பொதுவாகப் பொருந்தாது. ஐந்தாண்டு வசித்துப் பெறும் ஐரோப்பிய நீண்டகால வசிப்பு நிலையோ, உயர்தகுதி ஊழியருக்கான நீல அட்டையோ இருந்தால் தகுதியை அங்கீகரிப்பதில் சம நடத்தை உண்டு. அப்போதும் ஆஸ்திரியாவில் வேலை செய்யும் அனுமதி தனிக் கேள்வியாகவே நிற்கும். இந்தியப் பட்டத்தை ஒரு நாடு அங்கீகரித்தபின் அங்கேயே மூன்றாண்டு பணியாற்றியிருந்தால், மற்ற நாடுகள் அதை ஐரோப்பியத் தகுதியாகக் கொள்ளும் வழியும் அதே நெறிமுறையில் இருக்கிறது. அனுபவச் சான்றை அவ்வப்போது வாங்கி வைப்பது நல்லது.

எஸ்டோனியாவில ஆன்லைன்ல கம்பெனி ஆரம்பிச்சா, அந்த கம்பெனிக்கு இந்த உரிமை வந்துடும் இல்லையா?

நல்ல கேள்வி. சட்டத்தைப் படித்தவர்தான் இப்படிக் கேட்பார். எஸ்டோனியச் சட்டப்படி அமைந்த நிறுவனத்தின் உரிமையாளர் ஆற்காட்டுக்காரராக இருப்பது ஒரு தடையன்று. ஆனால் அந்த நிறுவனம் ஒன்றியத்துக்குள் உண்மையாகத் தொழில் நடத்த வேண்டும். பதிவு முகவரி மட்டும் இருந்தால் மேலே ராட்டர்டாம் கேள்வியில் சொன்ன சோதனைகளில் நிற்காது. 2014இல் தொடங்கிய எஸ்டோனிய மின்வசிப்புத் திட்டம் விசாவோ வசிப்புரிமையோ தருவதில்லை. நிறுவனத்துக்கு உரிமை இருந்தாலும், அதன் ஒரே ஊழியரான நீங்கள் எஸ்டோனியாவில் சட்டப்படி வேலை செய்பவராக இல்லாவிட்டால் உங்களை அனுப்ப முடியாது. காட்பாடியில் இருந்தபடியே மென்பொருள் எழுதிக் கொடுப்பவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அது இந்தியாவிலிருந்து செய்யும் சேவை ஏற்றுமதி.

லண்டன், சுவிட்சர்லாந்து?

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது. அவ்வாண்டு முடிவோடு இடைக்கால ஏற்பாடும் தீர்ந்தது. லண்டன் நிறுவனத்தின் ஊழியருக்கு மேலே சொன்ன எதுவும் இல்லை. சுவிட்சர்லாந்து தனி உடன்படிக்கையின்கீழ் ஆண்டுக்கு 90 வேலை நாள் வரை இடம் தருகிறது.

ஏஜென்ட் லட்சக்கணக்குல கேக்கறாரு. குடுக்கலாமா?

1983இன் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக ரூ.30,000மும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், ரசீதுடன். பதிவு உள்ளவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

வாலாஜாவுக்கே திரும்பி வந்துட்டேன். நாலு மாச சம்பளம் பாக்கி. இனிமே கேக்க முடியுமா?

முடியும். வேலை நடந்த நாட்டின் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்கலாம். வேலை உறவு முடிந்த பிறகும் புகார் தரும் வழி இருக்க வேண்டும் என்று 2014இன் அமலாக்க நெறிமுறை சொல்கிறது, தொழிற்சங்கம் உங்கள் சார்பில் நிற்கவும் இடம் தருகிறது. கட்டடப் பணியாக இருந்தால், உங்கள் முதலாளிக்கு நேரடியாக வேலை கொடுத்த காண்டிராக்டரையும் பொறுப்பாளியாக்க வழியுண்டு. காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும், சில ஒப்பந்தங்களில் அது சில மாதங்களே என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

டெபுடேஷனே போலியாக இருந்து, நீங்கள் அனுமதியின்றி வேலை செய்தவராகக் கருதப்பட்டாலும் கூலி உரிமை அழிந்துவிடாது. சட்டவிரோதமாக வேலைக்கு வைத்தவர் நிலுவையைக் கொடுத்தாக வேண்டும் என்றும், வேறு ஆதாரம் இல்லாவிட்டால் குறைந்தது மூன்று மாதம் வேலை நடந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் 2009இன் நெறிமுறை வகுத்துள்ளது. அதைவிட அதிகம் கேட்பவர் நாட்களை நிரூபிக்க வேண்டும்: சைட் கேட் கார்டு, ஃபோர்மேன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், தினமும் எத்தனை மணிக்கு உள்ளே போய் எத்தனை மணிக்கு வெளியே வந்தோம் என்று எழுதிய நோட்டு. நோட்டு தமிழில் இருந்தாலும் பரவாயில்லை, மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.